நாலு விசையும் கணக்கப்பிள்ளையின் பென்சிலும்

இலங்கை மலைநாட்டு ஊவாவில் மின்காந்த விசையைப் பெரிய அளவில் செய்துகாட்டிய பெருமை மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் துரையையே சேரும். இடம் அப்புத்தளை. நாள் 1845 ஜூன் 7. தேவையான பொருட்கள்: முகில் ஒன்று, மேஜர் ஒருவர். சோதனை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. மேஜரும் முடிந்தார்.

ரொஜர்ஸ் அப்போது பதுளையின் உதவி அரசாங்க அதிபர். மாவட்ட நீதிபதியும் அவரேதான். மகாராணிக்கு ஒரு சம்பளம் மிச்சம். துரை ரோடு போட்டார், வழக்குக் கேட்டார், மிச்ச நேரத்தில் யானை சுட்டார். மிச்ச நேரம் நிறைய இருந்திருக்க வேண்டும். அவர் சுட்டது 1,400 யானைக்கு மேல் என்பது அந்தக் காலத்து வேட்டைக்காரத் துரைமார் எழுதிவைத்துவிட்டுப் போன கணக்கு. அன்றைக்கு அப்புத்தளையில் இடி முழக்கம். ஓய்ந்துவிட்டதா பார்ப்போம் என்று வெளியே வந்தாராம். ஓயவில்லை.

நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைமீதும் பிறகு இடி விழுந்தது என்று ஊர் சொல்கிறது. யானைகளின் சாபம் என்றும் ஊர் சொல்கிறது. பதுளையில் அவர் நினைவாகக் கட்டிய சென் மார்க்ஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. யானைகளுக்கு நினைவாலயம் எதுவும் இல்லை.

சாபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பௌதிகவியல் வாத்தியாரிடம் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார். முகிலுக்குள் பனித்துணுக்குகள் மேலும் கீழும் ஓடி ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும்போது இலத்திரன்கள் கைமாறுகின்றன. முகிலின் அடிவயிற்றில் மறை ஏற்றம் சேருகிறது, கீழே மலைமுகட்டில் நேர் ஏற்றம் கூடுகிறது. நடுவில் நிற்கும் காற்று தாங்கும் மட்டும் தாங்கிப் பார்த்துவிட்டு வழிவிடுகிறது. வீட்டுக் குமிழ் ஒன்று அரை அம்பியரும் குடிப்பதில்லை. மின்னலில் ஓடுவது சுமார் 30,000 அம்பியர். அது போகிற பாதையின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. அந்தப் பாதையில் நிற்பவர் உதவி அரசாங்க அதிபரா, அவர் குதிரைக்குப் புல்லுப் போடுகிறவரா என்று விசாரிக்கும் வழக்கம் மின்சாரத்துக்கு இல்லை. அந்தக் காலத்து ஊவாவில் ஆள் பார்த்து நடக்காத ஒரே அதிகாரி அதுதான்.

இதே சோதனையை உயிர்ச்சேதம் இல்லாமல் செய்ய ஒரு பிளாஸ்டிக் சீப்பும் கிழித்த கடதாசியும் போதும். ஆனால் தேங்காய் எண்ணெய் வைத்து வாரிய தலையில் சீப்பை எத்தனை தரம் இழுத்தாலும் கடதாசி அசையாது. எண்ணெய் வைக்காத தலை எங்கள் பக்கத்தில் கிடைப்பது அரிது என்பதால் விஞ்ஞானம் கொஞ்சம் பின்தங்கியது. காலமும் பார்க்க வேண்டும். மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே உதறிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். அதுதான் கச்சான். ஜூலை, ஆகஸ்டில் உதடு வெடிக்கும், மண் பறக்கும், சீப்பும் கடதாசியைப் பிடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கும் மணம் ஏறுவதும் இதே மாதங்களில்தான்.

அந்தச் சீப்பு விளையாட்டைத் தேயிலை ஸ்டோருக்குள்ளே பெரிய மனுசத் தோரணையில் செய்துகொண்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உருளை கம்பளித் துணியில் உரசிக்கொண்டே சுற்றும். கீழே காய்ந்த தேயிலை ஓடும். காம்பும் நாரும் மட்டும் துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொள்ள, தேயிலை தன்பாட்டில் போகும். இன்னொரு இடத்தில் காந்தம் வைத்திருப்பார்கள், இயந்திரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கு இலண்டன் சீமாட்டியின் கோப்பைக்குள் போய்விடாதபடி. அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும். ஓர் ஆணியை அது தூக்கும்போது, அதே ஆணியைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பது முழுப் பூமி. நமுனுகுல மலை, இந்து சமுத்திரம், இமயமலை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் இழுக்க, தீப்பெட்டி அளவுக் காந்தம் மறுபக்கம் இழுத்து வென்றுவிடுகிறது. இரண்டு புரோத்தன்களை எடுத்துக்கொண்டால் அவற்றிடையே உள்ள மின்விசை ஈர்ப்பு விசையைவிட எத்தனை மடங்கு என்று எழுத, 1க்குப் பின்னால் 36 பூச்சியம் போட வேண்டும். ஈர்ப்பு என்பது விசைகளில் சவலைப் பிள்ளை. ஊவாவில் அது நடத்திய அட்டகாசத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இலண்டனில் மைக்கேல் ஃபரடே 1859 நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, இயற்கையின் விசைகளைச் சின்னச் சின்னச் சோதனைகளால் விளக்கினார். கொல்லன் மகன், புத்தகம் கட்டும் தொழில் பழகிய மனிதர். பெரிய படிப்பு இல்லாததால் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசத் தெரிந்திருந்தது. அதே நத்தாருக்கு ஊவாவில் கோப்பிக் காலம். இங்கும் விசை விளக்கம் நடந்தது. ஒரே வித்தியாசம், அங்கே பிள்ளைகள் பார்வையாளர்கள். இங்கே பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் சோதனைப் பொருட்கள்.

தோட்டம் போட வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். அந்த நாட்டுக்கு மலையை நிறுத்துப் பார்த்த வரலாறு உண்டு. 1774ல் நெவில் மஸ்கெலின் என்ற வானியல் அறிஞர் பெர்த்ஷயரில் இருக்கும் ஷிஹாலியன் மலைக்குப் போய், இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டார். கொத்தனார் சுவர் பார்க்கத் தொங்கவிடுவாரே, அதேதான். மலை அந்தக் குண்டைத் தன் பக்கம் இழுத்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பாகையின் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சரிவு. அதை வைத்துப் பூமியின் அடர்த்தியையே கணக்குப் போட்டார்கள். கணக்குப் போட்ட சார்ள்ஸ் ஹட்டன், மலையின் உயரங்களைத் தாளில் பிடிக்க முடியாமல் திண்டாடி, ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடிழுத்துச் சேர்த்தார். சமவுயரக் கோடு புழக்கத்துக்கு வர அதுவும் ஒரு காரணம். பதுளையில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் 2,036 மீட்டர் நமுனுகுலவும் அதைக் கடுகளவு இழுக்கத்தான் செய்யும். யாரும் தொங்கவிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. துரைமார் ஹட்டனின் கோட்டை மட்டும் கொண்டுவந்து, அதன் வழியே எங்கள் ஆட்களைக் கான் வெட்டவிட்டார்கள்.

இந்தச் சமவுயரக் கோட்டில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 20 கிலோ கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு மாட்டித் தொங்கவிட்டு, ஏற்றமோ இறக்கமோ இல்லாத பாதையில் ஒரு மைல் நடந்தால், ஈர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை எவ்வளவு? பௌதிகவியல் புத்தகத்தின் விடை: பூச்சியம். விசை கீழ்நோக்கி, நடை பக்கவாட்டில், இரண்டும் செங்குத்து, பெருக்கினால் ஒன்றும் வராது. பிடரி நரம்பு தெறிப்பதும் முழங்கால் கிறீச்சிடுவதும் அந்தச் சமன்பாட்டில் இல்லை. இந்த விதியைக் கண்டுபிடித்தவர் ஏதோ ஒரு பிறவியில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

ஈர்ப்பை உண்மையிலேயே ரசித்தவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் பன்றி இறைச்சியும் வெண்ணெயும் விற்றவர் 1890ல் வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார், தம்பேத்தன்னையில் ஸ்டோர் கட்டினார். மேல்மலையில் பறித்த கொழுந்தைக் கீழே கொண்டுவர மாடும் வண்டியும் எதற்கு என்று கம்பி இழுத்தார். மூட்டையைக் கம்பியில் கொழுவிவிட்டால் அதுவே வழுக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்ச் சேரும். எண்ணெய்ச் செலவில்லை, புண்ணாக்குச் செலவில்லை, பூமிக்குச் சம்பளமும் இல்லை. கொழுந்து கம்பியில் இறங்கியது. பறித்தவர்கள் காலால் இறங்கினார்கள். காலையில் ஏறியதும் அதே காலால்தான்.

பாரத்தைக் கீழே இறக்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் ரயில் பாதை போட்டவர்களைக் கேட்க வேண்டும். பட்டிப்பொல நிலையம் 1,898 மீட்டரில் இருக்கிறது, பதுளை 700 மீட்டருக்கும் கீழே. நடுவில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரும்புச் சில்லுக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு மிகச் சொற்பம். 44 அடி போனால் ஓர் அடி இறங்கலாம், அதற்கு மேல் சரித்தால் பிரேக்கை நம்ப முடியாது, திரும்பி ஏறவும் முடியாது. தெமோதரையில் மலை அந்தக் கணக்குக்கு உடன்படவில்லை. இறங்க வேண்டிய உயரம் இருக்கிறது, அதற்கு வேண்டிய நீளம் இல்லை. துரைமார் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தார்கள்.

அப்போது பக்கத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாராம். துணி தலையை ஒரு சுற்றுச் சுற்றி, தன் தொடக்கத்துக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வந்தது. பார்த்துக்கொண்டிருந்த இஞ்சினியருக்கு மூளையில் விளக்கு எரிந்தது. பாதை தெமோதரை நிலையத்தைத் தாண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி வந்து, அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. நீளத்தைக் கூட்டி இறக்கத்தைத் தணிப்பதுதான் சூத்திரம். கங்காணிக்கு அது தெரியாமலா இருக்கும்? மலையில் குறுக்குப் பாதைக்கும் சுற்றுப் பாதைக்கும் உள்ள வித்தியாசம் அவர் முழங்காலுக்குத் தெரியும்.

கதை உண்மையா, பிறகு கட்டியதா என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. நான் கேட்ட வடிவங்களில் இஞ்சினியரின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும். கங்காணிக்கு ஒன்றிலும் பெயர் இல்லை. தலைப்பாகை மட்டும் வரலாற்றில் ஏறிவிட்டது.

பக்கத்தில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம். 1921ல் திறந்தார்கள். முதலாம் உலகப் போர் இரும்பையெல்லாம் இழுத்துக்கொண்டதால் கல், செங்கல், சீமெந்து மட்டுமே வைத்துக் கட்டினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். இங்கே ஈர்ப்பு வசமாக ஏமாந்தது. வளைவில் ஒவ்வொரு கல்லும் விழத்தான் பார்க்கிறது, விழ விழப் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது, அது அடுத்ததை. எல்லாமாக விழப்போய், ஒன்றும் விழாமல் நூறு வருடம் கடந்துவிட்டது. கூட்டணி அரசாங்கம் நிற்பதும் இந்தத் தத்துவத்தில்தான். 1924ல் ரயில் பதுளை வந்தது. பாதை அதற்கு மேல் போகவில்லை.

இனித் துன்ஹிந்தை. 64 மீட்டர் அருவி. காற்று இல்லையென்றால் உச்சியில் புறப்பட்ட நீர் மூன்றரைச் செக்கன் சொச்சத்தில், மணிக்கு 127 கிலோமீட்டர் வேகத்தில் அடியில் வந்து மோத வேண்டும். வருவது பாதி, புகையாக மிதப்பது மீதி. அந்தப் புகைதான் அருவிக்குப் பெயரே கொடுத்தது. கல்லை எறிந்தால் விழும், கோதுமை மாவை எறிந்தால் தயங்கித் தயங்கி மிதக்கும். பொருள் சிறுக்கச் சிறுக்க ஈர்ப்பின் பிடி தளர்ந்து காற்றின் தடை வெல்லும். அந்தத் தடையும் அடிப்படையில் அணுவுக்கும் அணுவுக்கும் நடக்கும் மின்காந்தத் தள்ளுமுள்ளுதான். மேஜரை அடித்த அதே விசை, சாந்தமான முகத்தோடு.

இந்தச் சின்ன விஷயம் ஒரு ராஜ்ஜியத்தைக் கவிழ்த்தது. 1869ல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தென்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். துரைமார் வாயில் பெயர் நுழையாமல் ‘நாசகார எமிலி’ என்று வைத்துக்கொண்டார்கள். அழிவுக்குப் பெண் பெயர் வைத்தால் ஒரு திருப்தி. எமிலியின் வித்திகள் கீழே விழ மறுத்து மலைக்கு மலை மிதந்தன. 1880ல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். ஃபரடே பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். தோட்ட முதலாளிமார் கை தட்டவில்லை. மருந்து எங்கே என்று கேட்டார்கள். 1884ல் கோப்பிக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே கதவைச் சாத்திக்கொண்டது. லிப்டன் தேயிலைக்கு நிலம் தேடி வந்தபோது விலை மலிந்திருந்ததற்கு, ஈர்ப்பு சிறு தூசியிடம் தோற்றதும் ஒரு காரணம்.

மின்காந்தமும் ஈர்ப்பும் ஆயிற்று. மூன்றாவது விசைக்கும் நாலாவது விசைக்கும் போக முன் சொல்லில் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். ஒரு பொருளில் எவ்வளவு சடம் இருக்கிறதோ அது எங்கள் பள்ளிக்கூடத்தில் திணிவு. பூமி அதை இழுக்கும் இழுவை நிறை. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் திணிவுக்குப் பெயர் நிறை, நிறைக்குப் பெயர் எடை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை அந்தப் பக்கம், 3,00,000 பேரை இந்தப் பக்கம் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்தார்கள், சந்தையில் கடைசிக் கூறு கத்தரிக்காய்போல. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கிய பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் தன் நிறையைச் சொன்னால் அது திணிவாகிவிடும். எங்கே போனாலும் மாறாதது திணிவு என்று படித்துவிட்டுப் போன பிள்ளை அது.

மிச்சமுள்ள இரண்டு விசைகளும் அணுக்கருவுக்குள் குடியிருப்பவை, ஒன்று வன்விசை, மற்றது மென்விசை. இவற்றைச் செய்துகாட்ட முடியாது என்பார்கள். அப்புத்தளை மலைக்கு அந்தப் பக்கம் பலாங்கொடைக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். 1904ல் அந்தப் பக்கத்து இரத்தினக்கல் மணலில் கன்னங்கரேலென்று, கனசதுரமாக, கையில் எடுத்தால் ஈயம்போல் கனக்கும் ஒரு கல் கவனத்துக்கு வந்தது. தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள். அப்போது கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் தலைவர் ஆனந்த குமாரசுவாமி. முத்துக் குமாரசுவாமியின் மகன், அம்மா ஆங்கிலேயர். பிற்பாடு கல்லை விட்டுவிட்டுக் கலைக்குப் போய்விட்டார். சிலைகளும் கல்தானே என்று நினைத்திருப்பார்.

அந்தக் கல்லில் கொஞ்சம் கப்பலேறி இலண்டன் போனது. அங்கே வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர். தொழிற்சாலை உத்தியோகத்துக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது, அதைப் படிக்கப் போனவர். கதிரியக்கம்பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா இருக்கிறாயே என்று இலங்கைக் கல்லிலிருந்து பெற்ற உப்பைக் கையில் கொடுத்தார்கள். 1905ல் அதிலிருந்து ரேடியோதோரியம் என்ற புதுப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார். ஆங்கிலம் எவ்வளவு படித்தார் என்று யாரும் பிறகு கேட்கவில்லை. அவர் பிடித்த பொருள் கல்லுக்குள் உண்டானதே மென்விசையின் கைவேலை. நியூத்திரன் ஒன்று புரோத்தனாக மாறி ஓர் இலத்திரனைத் துப்பும். அப்படி இரண்டு தரம் துப்பினால் ரேடியம் வகை ஒன்று தோரியம் வகையாகிவிடும்.

மென்விசையை வீட்டில் பார்க்க ஒரு கோப்பைப் பிளேன்டீ போதும். தேயிலையில் பொற்றாசியம் உண்டு. அதில் பத்தாயிரத்தில் ஒன்று கதிரியக்கமுள்ளது. நீங்கள் ஊதி ஊதிக் குடிக்கும் கோப்பைக்குள் செக்கனுக்குச் சுமார் இரண்டு பொற்றாசியம் அணு உடைகிறது, பெரும்பாலானவை கல்சியமாகின்றன. பயந்து கோப்பையைக் கீழே வைக்காதீர்கள், குடிக்கிற உங்கள் உடம்பிலேயே செக்கனுக்கு நாலாயிரத்துக்கு மேல் உடைகிறது. இந்த விசையைக் கொண்டுசெல்லும் துகள்களை 1983ல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் பிடித்தார்கள். அதே சேர்ன் வளவில் 2004 முதல் ஓர் ஆளுயர நடராசர் ஆடிக்கொண்டிருக்கிறார், இந்திய அரசாங்கம் கொடுத்தது. சிலையோடுள்ள குறிப்பில் ஆனந்த குமாரசுவாமியின் வாசகமும் இருக்கிறது. அந்தக் கறுப்புக் கல்லை அங்கே வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

வன்விசைக்கு இரண்டு காந்தமும் கொஞ்சம் பலாப்பாலும் வேண்டும். ஒத்த முனைகளில் பலாப்பாலைத் தடவி ஒன்றையொன்று நோக்கித் தள்ளுங்கள். கிட்ட வர மறுக்கும், விலகும், வழுக்கும். விடாமல் அமுக்கித் தொடவைத்துவிட்டால் பலாப்பால் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. கருவுக்குள் புரோத்தன்கள் இருப்பது அப்படித்தான். மின்விசை தள்ளுகிறது, தொடும் தூரத்துக்கு வந்துவிட்டால் அதைவிட நூறு மடங்கு வலிமையான வன்விசை கட்டிப் பிடிக்கிறது. அதோடு நிற்கவில்லை. புரோத்தனுக்குள்ளே இருக்கும் குவார்க்குகளின் சொந்தத் திணிவு நூறில் ஒரு பங்குதான். மிச்சம் அவ்வளவும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் வன்விசையின் சக்தி. மேசை, மலை, மேஜர், யானை, கொழுந்து எல்லாவற்றின் பாரமும் அந்தச் சக்திதான்.

இப்போது பின்னேரக் கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள். பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கூடை தராசில் ஏறுகிறது. பூமி தன் கடமையைச் செய்கிறது, முள் 18ல் நிற்கிறது. கணக்கப்பிள்ளை காதிலிருந்து பென்சிலை எடுக்கிறார். கொழுந்தில் ஈரம், சாக்கில் பாரம், முற்றல் இலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவு. எழுதுவது 16.

குமாரசுவாமி காலத்துக் கல்லில் கைவைத்த ஓட்டோ ஹான், 33 வருடம் கழித்து 1938ல் யுரேனியக் கருவைப் பிளந்தார். அது ஏழே வருடத்தில் ஹிரோஷிமாவில் போய் முடிந்தது. அந்த நகரத்தைச் சாம்பலாக்கிய குண்டில் சக்தியாக மாறி மறைந்த திணிவு ஒரு கிராமுக்கும் குறைவு.

மடுவத்தில் மறைந்தது இரண்டு கிலோ. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.